ஆரோட கோவம் இந்தப் புள்ளைக்கு?

போன மாதம் ஒரு இரவு கரண்ட் போய்விட்டது. வேறு வேலை இல்லாததால், ஒரு கிழமையாக நான் போனில் பார்த்துக்கொண்டிருந்த ஓவியம் ஒன்றை அம்மம்மாவுக்குக் காட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரமும் கிட்டவுமாகப் பிடித்துப் பார்த்தா. "சட்டை போடாம நிக்குது, ஆர்ர புள்ள மனே இது?" என்றா முதலில். நான் சிரித்துவிட்டேன். அவ சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முகத்தப் பாரன். ஆரோட கோவம் இந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டா.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதைத் தேடிப் போனபோது பாரிஸ், தாஹிட்டி, வெள்ளவத்தை என்று சுற்றி, கடைசியில் எங்கட கரைக்கே வந்து சேர்ந்தேன்.

ஓவியத்தின் பெயர் 'தாஹிட்டிப் பெண்ணாகத் தன்னுருவம்'. வரைந்தவர் அம்ரிதா ஷேர்-கில். ஆண்டு 1934, இடம் பாரிஸ். அப்போது அவருக்கு 21 வயது. இதைப் படிக்கிற உங்களில் கனபேரின் வயதுதான். எண்ணெய் வர்ணத்தில் வரைந்தது. உயரம் 90 சென்ரிமீற்றர், அகலம் 56 சென்ரிமீற்றர். எங்கட வீட்டு யன்னல் ஒன்றின் அளவுகூட வராது.

இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி. அதற்கு மேலே உடுப்பு இல்லை. கைகள் இரண்டும் வயிற்றுக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. தலைமயிரை வாரிப் பின்னால் சும்மா கட்டியிருக்கிறார். ஒரு நகை இல்லை, தலையில் பூ இல்லை. பின்னால் சுவரில் கிழக்காசியச் சாயலில் சில உருவங்கள் தெரிகின்றன. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒரு நிழல். ஒரு ஆணின் நிழல், பெரிதாக, அவர் உடம்பை ஒட்டியபடி விழுந்திருக்கிறது. அந்த ஆண் யாரென்று படத்தில் இல்லை. நாங்கள் படத்துக்கு முன்னால் நின்று பார்த்தால், அந்த நிழல் எங்களுடையதாகவும் இருக்கலாம். அவரோ எங்களைப் பார்க்கவில்லை. கண் வேறெங்கோ போகிறது. அம்மம்மா சொன்ன கோபம் அந்தக் கண்ணிலும் இறுகின வாயிலும்தான் இருக்கிறது.

அம்ரிதா தாஹிட்டிக்குப் போனவரே இல்லை. 1913 ஜனவரி 30ஆம் திகதி புடாபெஸ்ட்டில் பிறந்தவர். அப்பா உம்ராவ் சிங், பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்த மனுசன், அதோடு புகைப்படப் பைத்தியம். அம்மா மரி அந்துவனெத், ஹங்கேரியப் பாடகி. 1921இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது. 1929இல் பிள்ளைக்குச் சித்திரம் படிப்பிப்பதற்காகவே பாரிஸுக்குப் போனார்கள். பதினாறு வயதுப் பிள்ளை கீறும் என்பதற்காகக் குடும்பமே நாடு மாறியது என்றால் வசதி எப்படியென்று விளங்கும். இதை மறைத்துவிட்டு அம்ரிதாவைப் பற்றிக் கதைக்கக் கூடாது. பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

பாரிஸின் நுண்கலைக் கல்லூரியில் லூசியன் சிமோன் என்பவரிடம் படித்தார். 1932இல் 'இளம் பெண்கள்' என்ற ஓவியத்தை வரைந்தார். அதில் இருப்பது தங்கை இந்திராவும் ஒரு பிரெஞ்சுத் தோழியும். அடுத்த வருசம் பாரிஸ் சலோன் அதற்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது. கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவர் எங்கே போனாலும் முதலில் பார்க்கப்பட்டது தூரிகை இல்லை, அவருடைய தோல். கீழைத்தேசத்து அழகி, மர்மமானவள் என்ற பேச்சு. அம்ரிதா தன்னையே பல தடவை வரைந்தார். சிரிக்கிற அம்ரிதா, சேலை கட்டிய அம்ரிதா, ஐரோப்பிய உடுப்பில் அம்ரிதா. சின்ன வயதிலிருந்தே அப்பாவின் கமராவுக்கு முன்னால் நின்று பழகிய பிள்ளை. தன்னை எப்படி எல்லாம் காட்டலாம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதே ஆள்தான் 1934இல் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தாஹிட்டிப் பெண்ணாக வந்து நிற்கிறார். ஏன் தாஹிட்டி?

அதற்குப் போல் கோகனைத் தெரியவேண்டும். பிரெஞ்சுக்காரர், பங்குச் சந்தையில் வேலை செய்தவர், பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓவியரானவர். மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் ஐரோப்பாவில் விட்டுவிட்டு 1891இல் தாஹிட்டிக்குப் போனார். அது பிரெஞ்சுக் காலனி. அங்கே அவர் 'மனைவி' என்று வைத்துக்கொண்ட தெஹாமனாவுக்கு வயது 13 மட்டில். அவரையும் வேறு பெண்களையும் கோகன் வரைந்த படங்கள் இன்று உலகத்தின் பெரிய பெரிய மியூசியங்களில் தொங்குகின்றன. நவீன ஓவியத்தின் வழியைத் திருப்பிய படங்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அது பொய் இல்லை. அந்த வர்ணங்களை ஒருக்காப் பார்த்தால் மறக்க ஏலாது. ஆனால் அந்தப் பெண்களின் உடம்பு மாம்பழம், பூ, கடல் என்கிற வரிசையில் இன்னொரு பொருளாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு படத்தைத் தவிர என்று சொல்ல எனக்கு ஆசை. 1893இல் கோகன் தெஹாமனாவை வரைந்த ஒரு படம் சிக்காகோவில் இருக்கிறது. அதில் அவர் கழுத்து வரைக்கும் மூடின கோடுபோட்ட சட்டை போட்டிருக்கிறார். மிஷனரிமார் கொண்டுவந்து பழக்கின சட்டை. கையில் ஒரு விசிறி. தாஹிட்டியில் அந்தக் காலத்தில் பெண்கள் உண்மையாகவே இப்படித்தான் உடுத்தார்கள். அதாவது மற்றப் படங்களில் நாங்கள் பார்க்கிற 'இயற்கையான' அரை நிர்வாணம் ஓவியரின் விருப்பம், ஊரின் வழக்கம் இல்லை. இந்தப் படத்தின் தலைப்பில் தெஹாமனாவின் பெயரும் இருக்கிறது. ஆனால் அவர் வாயால் சொன்ன கதை ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எல்லாம் கோகன் எழுதிவைத்ததுதான்.

இப்ப எங்கட கரைக்கு வருவோம். கோகன் தாஹிட்டியில் இருந்த அதே வருசங்களில், சுவிஸின் பாசல் நகரத்தைச் சேர்ந்த போல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற இரண்டு சொந்தக்காரர் இலங்கையைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார்கள். அதில் ஒரு தொகுதி வேடரையும் அவர்களைச் சூழ்ந்து வாழும் மக்களையும் பற்றியது. 1892, 93இல் வெளிவந்தது. வேடர், தமிழர், சிங்களவர் என்று ஆண்களும் பெண்களுமாக முகங்களை முன்பக்கமும் பக்கவாட்டுமாகப் படம்பிடித்து, மண்டையோட்டை அளந்து, பட்டியல் போட்டார்கள். அதற்குப் பிறகு 1911இல் செலிக்மான் தம்பதி 'வேடர்கள்' என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். அதில் எங்கட கிழக்குக் கரையின் வேடர்களுக்கும் இடம் இருக்கிறது. வெருகல், மூதூர் பக்கம் இன்றைக்கும் தங்களைப் பூர்வீகக் குடிகள் என்று சொல்கிற சனம் இருக்கிறது என்பது இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்தப் படங்களைக் கலை என்று ஒருவரும் சொல்லவில்லை. விஞ்ஞானம் என்றார்கள். ஆனால் கமராவுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு அதில் என்ன வித்தியாசம்? ஒருவர் 'அழகு' என்று நிறுத்தினார், மற்றவர் 'இனம்' என்று நிறுத்தினார். நில் என்றால் நிற்கவேண்டும். திரும்பு என்றால் திரும்பவேண்டும்.

மூன்றாவதாக ஒன்று. இதை எழுதுவதா விடுவதா என்று எங்கட குழுவுக்குள் கொஞ்சம் சண்டையும் நடந்தது. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா 1929, 30இல் கொழும்பில் தூதரக அதிகாரியாக இருந்தார். வெள்ளவத்தையில் கடற்கரையோரம் ஒரு வீடு. அந்தக் காலக் கொழும்பின் நவீன கலைக்காரர்களோடு நல்ல பழக்கம். லயனல் வெண்டின் நண்பர். ஜோர்ஜ் கீற் இளம் ஓவியராக இருந்தபோதே அவரைப் பாராட்டி எழுதினவர். பிறகு 1943இல் கீற், வெண்ட், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல போன்றவர்கள் சேர்ந்து '43 குழு'வைத் தொடங்கினார்கள். இலங்கையின் நவீன ஓவியம் என்றால் முதலில் சொல்லப்படுகிற பெயர் அதுதான்.

நெரூதாவின் தன்வரலாறு அவர் இறந்த பிறகு 1974இல் வெளிவந்தது. அதில் வெள்ளவத்தை வீட்டைப் பற்றி வருகிற இடத்தில், ஒவ்வொரு விடியலும் மலசலகூட வாளியை எடுக்க வருகிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழ்ப் பெண். சாதியில் ஆகக் கீழே தள்ளப்பட்டவள் என்பதையும் அவரே எழுதுகிறார். அவளுடைய நடையையும் அழகையும் சிற்பத்தைப் பார்ப்பதுபோல வர்ணிக்கிறார். பரிசுகள் வைத்துப் பார்க்கிறார், அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோகிறார். அவள் கடைசி வரைக்கும் கண்ணைத் திறந்தபடி, ஒரு அசைவும் இல்லாமல், சிலை மாதிரி இருந்தாள் என்றும், தன்னை அவள் வெறுத்தது நியாயம்தான் என்றும் எழுதிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விடுகிறார். அது வன்புணர்வு. வேறு பெயர் இல்லை. 2018இல் சிலியின் தலைநகர விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரை வைக்கிற யோசனை வந்தபோது அங்கேயுள்ள பெண்கள் இயக்கங்கள் இந்தப் பக்கங்களைத்தான் தூக்கிக் காட்டின. எங்கட நாட்டு இயக்குநர் அசோக ஹந்தகம 2021இல் 'அல்போராடா' என்ற படத்தை இதை வைத்தே எடுத்தார்.

எங்கட குழுவில் ஒருத்தன் கேட்டான், "இது ஓவியம் இல்லையே, ஏன் இதுக்குள்ள கொண்டு வாறாய்?" என்று. எனக்கு இது ஓவியம்தான். சொல்லால் கீறின பெண் உருவம். அந்தக் காலத்துக் கொழும்பின் கலை உலகத்தில் ஒரு ஏழைத் தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைத்த ஆகப் பிரபலமான உருவம் இதுதான். அதில் அவளுக்குப் பெயர் இல்லை, குரல் இல்லை. திறந்திருந்த கண் மட்டும் இருக்கிறது.

நெரூதா கொழும்பை விட்டுப் போய் நாலு வருசத்தில் அம்ரிதா பாரிஸில் அந்த வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு வெள்ளவத்தைப் பெண்ணைத் தெரிய வழியே இல்லை. கோகனைத் தெரியும், பிடிக்கவும் செய்யும். கோகனின் தட்டையான வர்ணமும் கனமான உருவங்களும் அவருடைய பிந்திய ஓவியங்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. அதனால்தான் எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடிக்கிறது. இது கோகனைத் திட்டுகிற படம் இல்லை. தான் மதிக்கிற ஒரு ஆசானின் படத்துக்குள் ஒரு பழுப்புப் பெண் நடந்துபோய், மொடல் நிற்கிற இடத்தில் தானே நின்று பார்க்கிறாள். நின்று பார்த்தால் அந்த இடம் எப்படி இருக்கிறது? பூ இல்லை, பழம் இல்லை, சிரிப்பு வரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு ஆணின் நிழல் இருக்கிறது. ஆனால் தூரிகையும் அவள் கையில்தான். நில் என்று சொன்னவளும் அவள், நின்றவளும் அவள்.

அம்மம்மாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப அவ தன்னையே கோவத்தோட கீறியிருக்கா" என்றா. ஓம் என்றேன்.

ஆனால் கதை அதோடு நல்லபடியாக முடியவில்லை. 1934 முடிகிற நேரம் அம்ரிதா இந்தியாவுக்குத் திரும்பினார். ஐரோப்பா பிக்காசோவுக்கும் மத்தீசுக்கும் சொந்தம், இந்தியா எனக்கு என்கிற மாதிரிப் பெரிய கதை கதைத்தார். 1935இல் 'மலைப் பெண்கள்', 'மூன்று பெண்கள்' வந்தன. 1936 கடைசியிலிருந்து அஜந்தா, எல்லோரா பார்த்துக்கொண்டு தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் இறங்கினார். திரும்பிப் போய் 1937இல் 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தவர்' என்ற மூன்றையும் வரைந்தார். இந்தியாவின் நவீன ஓவியம் இந்தப் படங்களுக்குப் பிறகு வேறு மாதிரிப் போனது. அந்த மண்ணிறமும் சிவப்பும் அஜந்தாச் சுவரிலிருந்து இறங்கி வந்தவை.

ஆனால் அந்தப் பெண்களைப் பாருங்கள். எல்லோரும் தலையைக் கவிழ்த்தபடி. எல்லோருக்கும் பெரிய சோகமான கண். பேசுகிற ஒருத்தி இல்லை, சண்டை பிடிக்கிற ஒருத்தி இல்லை. இந்திய ஏழைகளின் அமைதியையும் பொறுமையையும் வரையப் போகிறேன் என்பதுதான் அவருடைய எண்ணம், எழுதியும் வைத்திருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் பார்த்த ஏழைப் பெண்கள் இப்படிப் பொறுமையாக இருந்ததே இல்லை. நிவாரண வரிசையில் நின்ற எங்கட அம்மாமாரை அம்ரிதா பார்த்திருந்தால் வேறு படம் கீறியிருப்பார். அந்தக் கூச்சலைத் தாங்க ஆமிக்காரனுக்கே ஏலாது.

குறை எங்கே என்றால், அவர் நின்ற இடத்தில். பாரிஸில் அவர் பார்க்கப்படுகிறவர். சிம்லாவிலும், பிறகு கோரக்பூர் பக்கம் சரயாவில் சொந்தக்காரரின் சீனித் தொழிற்சாலையோடு சேர்ந்த பண்ணையிலும், அவர் பார்க்கிறவர், முதலாளி வீட்டுப் பெண். முன்னால் வந்து இருந்த பெண்களுக்கு அவர் 'நில்' என்று சொல்லலாம். 'மலைப் பெண்கள்' 1978இல் இந்தியத் தபால் முத்திரையிலும் வந்தது. அந்தப் பெண்களின் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை. தன் படத்தில் கோபத்தைக் கீறத் தெரிந்தவருக்கு மற்றவர்களின் கோபம் தெரியவில்லை என்று எழுதினால் அநியாயமாக இருக்குமோ என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும் என்று பட்டது. அதே ஆள் பாரிஸில் 'தொழில்முறை மொடல்' என்ற படத்தில் மெலிந்து களைத்துப்போன ஒரு பெண்ணை ஒரு பூச்சும் இல்லாமல் வரைந்தவர். பார்க்கத் தெரியாதவர் இல்லை.

இன்னும் பத்து வருசம் இருந்திருந்தால் எங்கே போயிருப்பாரோ. 1941 டிசம்பர் 5ஆம் திகதி லாகூரில், ஒரு கண்காட்சி தொடங்க இருந்த நேரத்தில், திடீரென்று வருத்தம் வந்து இறந்துபோனார். 28 வயது.

தங்கை இந்திரா கலியாணம் கட்டியது ஒரு தமிழரை. இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த கே.வி.கே. சுந்தரம். இவர்களுடைய மகன் விவான் சுந்தரம் பெரிய கலைஞர், 2023இல் காலமானார். தாத்தா உம்ராவ் சிங் எடுத்த பழைய படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று சேர்த்து, பெரியம்மா அம்ரிதாவை மறுபடி படமாக்கியவர். அவர் இறந்த அதே வருசம் செப்டம்பரில் அம்ரிதாவின் 'கதைசொல்லி' 61.8 கோடி இந்திய ரூபாய்க்கு ஏலம் போனது. அதுவரைக்கும் இந்திய ஓவியம் ஒன்று அவ்வளவு விலைக்குப் போனதில்லை. தாஹிட்டிப் பெண் இப்ப டெல்லியில் கிரண் நாடார் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறாள்.

எங்கட வீட்டில் அம்மம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடையாள அட்டைப் படம். கலியாணப் படம், அம்மா குழந்தையாக இருந்தபோது திருகோணமலை ஸ்ரூடியோவில் எடுத்த படம் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்ததாம். சுனாமியில் நனைந்தவை போக மிச்சத்தை 2006இல் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு ஓடினார்கள். வாகரை, மட்டக்களப்பு என்று போய், 2007இல் திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, பெட்டி இருந்த அறையும் இல்லை. அடையாள அட்டை மட்டும் எப்போதும் சட்டைக்குள் இருந்தது. அது இல்லாமல் ஒரு சோதனைச்சாவடியையும் தாண்ட ஏலாதே. நேராகப் பார், சிரிக்காதே என்று சொல்லி எடுத்த படம். சரசின்மாரின் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

எங்கட குழுவில் நல்லாப் படம் கீறுகிற ஒரு பெட்டை இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். "இந்தக் கிழவிட மூஞ்ச என்னத்துக்கு மனே?" என்று அம்மம்மா முதலில் மாட்டேன் என்றா. பிறகு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் முகம் கழுவி, சேலை மாற்றி, வெத்திலைத் தட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் இருந்தா. எப்படி இருக்கவேண்டும் என்று பெட்டை சொல்லவில்லை, அம்மம்மாவும் கேட்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் வாய் ஓயாமல் கதை. பெட்டை பாவம், வாயை வரைய எத்தனை தரம் அழித்திருப்பாள்.

முடிந்ததும் தாளை வாங்கி, அன்றைக்கு போனைப் பிடித்த மாதிரியே தூரமும் கிட்டவுமாகப் பிடித்துப் பார்த்தா.

"எல்லாம் சரி. மூக்கு என்ட மூக்கு இல்ல" என்றுவிட்டு, கீழே கிடந்த அழிறப்பரை எடுத்துப் பெட்டையிடம் நீட்டினா.